மெஸ் தட்டோட ஓரத்துல கிடக்கிறது என்ன?

நம்ம மெஸ்ஸில் மதியம் தட்டு கொட்டுற டிரம்மை ஒரு தடவை எட்டிப் பாருங்க. சோறு அவ்வளவா இருக்காது. சாம்பார்ல இருந்து பொறுக்கி எடுத்த சின்ன வெங்காயம், ரசத்துல மிதந்த பூண்டு, பீன்ஸ் பொரியல், கீரைக் கூட்டு, இதெல்லாம்தான் நிறைய கிடக்கும். மொத்தத்துல நாம தூக்கிப் போடுறது நார்ச்சத்து. அதிலும் வெங்காயம், பூண்டுல இருக்கிறது ப்ரீபயாட்டிக் நார்ச்சத்து.

நான் சொல்ல வர்றது இதுதான்: அடுத்த முறை மெஸ் மெனுவை மாத்தும்போது நாம சண்டை போட்டுக் கேட்க வேண்டியது சுண்டல். ஆமா, சுண்டலேதான். சிரிக்காம மேல படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ப்ரோபயாட்டிக் வேற, ப்ரீபயாட்டிக் வேற. ப்ரோபயாட்டிக்னா உயிரோட இருக்கிற, நமக்கு நன்மை செய்யற நுண்ணுயிர்கள். ப்ரீபயாட்டிக்னா குடல்ல இருக்கிற அந்த மாதிரி நுண்ணுயிர்களுக்கு நாம போடுற சாப்பாடு. 1995-ல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த இரண்டாவது சொல்லை அறிமுகப்படுத்தினாங்க.

நம்ம உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு 2016-ல் ஒரு கணக்கு வந்தது. அதுல பெரும்பகுதி பெருங்குடல்லதான் இருக்கு. நாம சாப்பிடற சோறும் சர்க்கரையும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே ஜீரணமாகிடும். நம்மால ஜீரணிக்க முடியாத நார்தான் கீழே வரைக்கும் போய்ச் சேருது. பாக்டீரியா அதை நொதிக்க வெச்சு அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் மாதிரி அமிலங்களைத் தயாரிக்குது. இதுல பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரோட செல்களுக்கு முக்கியமான எரிபொருள். கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஆக்சிஜன் இல்லாத ஒரு பயோரியாக்டர் உங்க வயித்துக்குள்ள 24 மணி நேரமும் ஓடிட்டு இருக்கு. ஃபீட் போடாம அவுட்புட் வருமா?

ஃபீட் போடலைன்னா என்ன ஆகும்? நார்ச்சத்தே இல்லாத உணவு கொடுத்த எலிகளில், பாக்டீரியா குடல் சுவர் மேல இருக்கிற சளிப் படலத்தையே தின்ன ஆரம்பிச்சதை 2016-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா யோசிக்க வைக்கிற விஷயம்.

இப்போ நம்ம தட்டுக்கு வருவோம். பெரியவங்க ஒரு நாளைக்கு குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கு. நம்ம மெனு என்ன? காலையில பூரி, மதியம் வெள்ளைச் சோறு, சாயங்காலம் பஃப்ஸ், ராத்திரி பரோட்டா. மைதாவுல தவிடு நீக்கப்பட்டிருக்கு, பட்டை தீட்டின அரிசியிலும் அதே கதைதான். 100 கிராம் வெள்ளைச் சோத்துல இருக்கிற நார் 1 கிராமைத் தாண்டுறதே கஷ்டம். அதே 100 கிராம் வேகவெச்ச கொண்டைக்கடலையில சுமார் 7 கிராம். 100 கிராம் கொய்யாப்பழத்துல 5 கிராமுக்கு மேல. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

ஜிம் போற நண்பர்கள் "எனக்கு புரோட்டீன்தான் முக்கியம்"னு சொல்வீங்க. சரி. ஆனா சிக்கன், முட்டை இரண்டுலயும் நார்ச்சத்து பூஜ்யம். சுண்டல்ல புரோட்டீனும் இருக்கு, நாரும் இருக்கு. இதைவிட நல்ல ஆஃபர் கேன்டீன்ல கிடையாது.

இதுக்காக காசு செலவு பண்ணி பவுடர் வாங்க வேண்டாம். 2025-ல் பெப்சிகோ, 'பாப்பி' என்ற ப்ரீபயாட்டிக் சோடா பிராண்டை 195 கோடி டாலருக்கு வாங்குறதா அறிவிச்சது. அந்த மாதிரி பானங்கள்ல சேர்க்கிற இன்யுலின் என்ற நார், நம்ம சாம்பார் வெங்காயத்துலயும் பூண்டுலயும் இயற்கையாவே இருக்கு. பருப்பு, பயறு வகைகள்ல ராஃபினோஸ் குடும்பச் சர்க்கரைகள் இருக்கு. வாழைக்காயில ஜீரணத்துக்கு எளிதா அகப்படாத ஸ்டார்ச் இருக்கு. சோறு ஆறும்போதும் அந்த வகை ஸ்டார்ச் கொஞ்சம் கூடும், அதனால பழைய சோத்தைக் கேவலமா பார்க்காதீங்க.

இரண்டு எச்சரிக்கையும் சொல்லணும். ஒண்ணு, இன்னைக்குப் படிச்சிட்டு நாளைக்கே ஒரு கிண்ணம் சுண்டலை முழுங்கினா, ரூம்மேட் உங்களை வெளியே அனுப்பிடுவான். நொதித்தல்னா கேஸ் வரத்தான் செய்யும். இரண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, தண்ணி நிறைய குடிங்க. ஏற்கெனவே குடல் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு வெங்காயமும் பயறும் தொந்தரவைக் கூட்டலாம். அவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

இரண்டு, இது எல்லா நோய்க்கும் மருந்துன்னு வர்ற ஃபார்வர்டுகளை நம்பாதீங்க. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நார்ச்சத்து அதிகமா சாப்பிடறவங்களுக்கு இதய நோய், டைப் 2 சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் வர்ற அபாயம் குறைவா இருக்குன்னு காட்டியது. அபாயம் குறையறது ஒண்ணு, நோய் குணமாகறது வேற. முதல்ல சொன்னதே நமக்குப் போதுமான காரணம்.

இருபது வயசுல இதெல்லாம் எதுக்குன்னு தோணலாம். ஆனா மலச்சிக்கலைப் பத்தி ஹாஸ்டல்ல யாரும் வாய் திறந்து பேச மாட்டோம், மெடிக்கல் ஷாப்புல மட்டும் மெதுவா கேட்டு மாத்திரை வாங்குவோம். அந்த வெட்கத்தை விட்டுட்டு மெஸ் கமிட்டியில பேசுவோம்.

கேட்க வேண்டியது நாலே விஷயம். வாரம் மூணு நாள் சாயங்காலம் பஃப்ஸுக்குப் பதிலா சுண்டல். மைதா பரோட்டா இரண்டு நாள்னா, அதுல ஒரு நாள் கோதுமைச் சப்பாத்தி. ஜாம் பாக்கெட்டுக்குப் பதிலா கொய்யாவோ வாழைப்பழமோ. பொரியலை எண்ணெயில முக்காம, வாயில வைக்கிற மாதிரி சமைக்கணும். கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். ருசியா இல்லாத பீன்ஸை யாரும் ஆரோக்கியத்துக்காகச் சாப்பிட மாட்டாங்க.

நாங்க ஃபைனல் இயர், இன்னும் சில மாசத்துல கிளம்பிடுவோம். மெனுவை மாத்தினா பலன் உங்களுக்குத்தான், ஜூனியர்ஸ். அடுத்த மெஸ் கமிட்டி மீட்டிங்குக்குப் போய் உட்காருங்க. அதுவரைக்கும் அந்தச் சின்ன வெங்காயத்தையாவது ஒதுக்காம சாப்பிடுங்க.