கையெட்டும் தூரத்து வேட்டை



அமெரிக்க வேட்டைக்காரர்களின் காணொளிகளைப் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் ஒரு கேள்வியோடு வருகின்றனர். வேட்டைக்குப் பழைய ராணுவ ரைஃபிள் சிறந்ததா, விலை குறைந்த புதிய ரைஃபிள் சிறந்ததா? கேள்வியைத் தட்டிவிடாமல், அதை நம் மார்க்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம்.

உலகப்போர்களுக்குப் பின் அரசுகள் கழித்துவிட்ட லீ-என்ஃபீல்டு, மவுசர் ரைஃபிள்கள் அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தன. இன்று சேகரிப்போரால் அவற்றின் விலை ஏறிவிட்டது. சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற புதியவையே அங்கே பலருக்குக் கட்டுப்படியாகின்றன. நம் நாட்டின் நிலை வேறு. படையின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேயர் தடுத்தனர். அதற்கு மாற்றாக வந்த .315 ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலை செய்தது. அதற்கும் உரிமம் வேண்டும்.

துப்பாக்கியின் வயதை மார்க்கம் கேட்பதில்லை. உயிர் எப்படிப் போகிறது என்றே கேட்கிறது. முழுதும் உலோகம் போர்த்திய படைத்தோட்டா, விலங்கின் உடலை விரிவின்றித் துளைத்து வெளியேறக்கூடும். காயம்பட்ட விலங்கு ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். வேட்டைத்தோட்டா உள்ளே விரிந்து விரைவில் கொல்லும். அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேணி, கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். உயிருள்ளதைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக ஆக்குவதையும் தடுத்தார்கள்.

துப்பாக்கி பற்றி நம் ஆலிம்களிடையே பழைய கருத்து வேறுபாடும் உண்டு. அம்பின் கூர்முனை துளைத்தால் உண்ணலாம், அதன் அகலப்பக்கம் மோதிச் செத்தால் உண்ணலாகாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கினார்கள். தோட்டா இவ்விரண்டில் எந்த வகை? 19ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக்குண்டு கூர்மையால் அல்லாமல் வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது எனக் கண்டு, அதனால் செத்ததை ஆகுமாக்கவில்லை. அதே காலத்து யமன் அறிஞர் ஷவ்கானி, அது துளைப்பதால் ஆகும் என்றார். உயிர் இருக்கும்போதே எட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. உருண்டைக் குண்டு போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியையும் கூர்முனைத் தோட்டா பாய்ச்சும் ரைஃபிளையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இவ்வளவும் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் வாழ்வோருக்கு. சிவகிரியில் வாழும் நமக்கு? மேற்கே மலை, அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டது. மிளாவையோ மானையோ சுடுவதும் குற்றம், அதன் கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். இரவில் சுட்டதை விருந்துக்கென்று ஒருவர் பொட்டலமாய்க் கொண்டுவந்தால், "பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அறுத்தார்கள்" என்ற ஒரு சொல்லோடு நம் விசாரணை முடிந்துவிடுமா? கறி ஆகுமா என்பதை ஆலிம்கள் பேசட்டும். அந்தச் செயல் ஆகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. பொதுச்சொத்தில் கைவைத்து, பிடிபட்டால் வீட்டையே தெருவில் நிறுத்தும் காரியத்தை ஒரு வேளை ருசிக்காக ஏற்பது எந்த வகையில் நியாயம்?

பன்றிகள் வயலை உழுதுபோட்டால் விவசாயி என்ன செய்வார் என்று கேட்கலாம். அந்த வலி உண்மையானது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. மலையை ஒட்டிய நம் நிலங்களுக்கு இது போதாது. அதை மனுவாக எழுதுவோம், ஜமாஅத்தாகச் சென்று கேட்போம். வெடிவைத்தும் கள்ளத் துப்பாக்கி தூக்கியும் தீர்க்க முனைய வேண்டாம்.

இஹ்ராம் அணிந்தவர்களுக்கு வேட்டை தடுக்கப்பட்ட நேரத்தில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப்பிராணிகளைக் கொண்டே அல்லாஹ் சோதிப்பான் என்கிறது அல்மாயிதா அத்தியாயம். மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுவதற்கே அச்சோதனை. நம் ஊரில் மிளா தண்ணீர் தேடி இறங்கிவரும் இரவுகளை அந்த வசனத்தின் வெளிச்சத்தில் எண்ணிப் பார்ப்போம். எந்த ரைஃபிள் என்ற கேள்வி அப்போது தானே சிறுத்துப்போகும்.