பொறுமை இல்லாதது நம்ம குற்றமா?

"உன் வண்டியை நீயே கழட்டி நீயே மாட்டு" என்பது இப்போது ஒரு வாழ்க்கைத் தத்துவமாகிவிட்டது. யூடியூபில் பன்னிரண்டு நிமிட வீடியோ, பின்னணியில் மெல்லிய கிடார், கையில் கறுப்பு கிளவுஸ். கீழே கமெண்டில் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக ராபர்ட் பிர்சிக்கை இழுத்துவிடுவார். 1974-ல் வந்த அவருடைய 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூட அதில் வரும் ஸ்க்ரூவைப் பற்றிப் பேசுவார்கள். கழற்ற வராமல் சிக்கிக்கொண்ட ஒரு ஸ்க்ரூ மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, கோபமும் அவசரமும் எப்படிப் பொறியாகின்றன என்பதெல்லாம் அருமையான பக்கங்கள்தான். எனக்கும் பிடிக்கும். ஆனால் பிர்சிக் ஓட்டியது அறுபதுகளின் ஹோண்டா. அதில் இருந்த எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அந்த எஞ்சின் அவரிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் காட்டி இன்றைக்கு ஒருத்தரிடம் "உனக்குப் பொறுமை பத்தலைப்பா" என்று சொல்வது அநியாயம்.

எரிச்சலில் இரண்டு வகை உண்டு. முதல் வகை நேர்மையான எரிச்சல். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூ மண்டை வழித்துக்கொண்டு போகும். நம்ம வண்டிகளில் பாதி ஜப்பானிய வம்சம். அந்த ஸ்க்ரூவின் தலைக்கோடு நம்ம கடையில் விற்கும் சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு முழுசாகப் பொருந்தாது. இறுக்கித் திருகினால் நழுவி மேலே ஏறிவிடும். இதை ஒரு தடவை யாராவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த தடவை சரியான டிரைவரோடு உட்காருவோம். அலுமினியத்தில் பிளக்கைக் கோணலாக ஏற்றினால் மரை போய்விடும். முதல் நாலு சுற்றைக் கையாலேயே திருக வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் காணாமல் போகும், அதற்குத் தீர்வு கிடையாது. இதெல்லாம் கைக்கும் இரும்புக்கும் நடக்கிற சண்டை. தோற்றாலும் ஏதோ ஒன்று கையில் மிஞ்சும்.

பிள்ளையார்பாளையத்தில் இதை விளக்கவே வேண்டியதில்லை. இங்கே தறிக்காரருக்குத் தறி ரிப்பேர் என்பது தனி வேலையே கிடையாது, நெசவோடு சேர்ந்தது. இழை அறுந்தால் முடிச்சு. மிதி கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டு. ஜக்கார்டில் கொக்கி வளைந்தால் நிமிர்த்து. பெரிய கோளாறு என்றால் அதே தெருவில் ஒரு அண்ணன் வருவார், டீ குடித்துவிட்டு சரிபண்ணிக் கொடுப்பார். குழியில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது, வாரண்டி போயிடும் என்று எவனும் சொன்னதில்லை. அதே கைகள்தான் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் கார்புரேட்டரையும் கழுவின.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி இது மாறியது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் போட்ட உத்தரவின்படி அன்றிலிருந்து பி.எஸ். 4 வண்டிகளை விற்கக் கூடாது. ஐந்தைத் தாண்டி நேராக ஆறு. தெருவுக்குத் தெரு ஓடும் எக்ஸ்எல் 100 வரைக்கும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. டேங்குக்குள் பம்ப், நுனியில் இன்ஜெக்டர், அங்கங்கே சென்சார்கள், எல்லாவற்றுக்கும் மேலே இ.சி.யூ. என்றொரு பெட்டி. எனக்கு இதில் வருத்தமில்லை. டூ-ஸ்ட்ரோக் புகையை மூச்சில் வாங்கி வளர்ந்தவர்களுக்கு அந்தக் காலம் பொற்காலமாகத் தெரியாது. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து இருபது கிக் அடித்ததையும் யாரும் மறந்துவிடவில்லை.

இரண்டாவது வகை எரிச்சலுக்கு வருகிறேன். எதிர் வீட்டு மாமாவுக்கு ஒரு 100 சிசி பைக். கீரை மண்டபம் பக்கம் மெதுவாகப் போனாலே அணைந்துவிடும், டேஷில் மஞ்சள் விளக்கு. பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் தட்டினார், வீடியோ பார்த்து த்ராட்டில் பாடியைக் கழுவினார். விளக்கு அணையவில்லை. தெரு மெக்கானிக், "ஸ்கேனர் இல்லாம கை வெச்சா என் தலையில விழும்ணா" என்று விலகிக்கொண்டார். சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் கிடந்தது. அந்த இரண்டு நாளில் மாமா அங்கே போய் வந்ததுதான் மிச்சம், தறி பாதி நாள் ஓடவில்லை. கடைசியில் கோளாறு என்ன தெரியுமா? ஒரு சென்சார் கனெக்டரில் பச்சைக் களிம்பு. துணியால் துடைத்தால் போகிறது. பட்டு இழையை இருட்டிலும் பிடிக்கிற விரல்களுக்கு அந்தக் கனெக்டரைத் துடைக்கத் தெரியாதா? எந்தக் கனெக்டர் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அந்தத் தகவல் வண்டிக்குள்ளேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். சில வண்டிகளில் மஞ்சள் விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணியே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நமக்குக் கொடுக்கும் குட்டிப் புத்தகத்தில் ஹெல்மெட் போடு, டயரில் காற்று பார் என்று இருக்கும். முழு விலை கொடுத்து வாங்கிய வண்டி, தன் நோயைத் தன் முதலாளியிடம் சொல்லாது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடக்கி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் ஹூண்டாய்க்கும் 420 கோடி. மேல்முறையீடு என்று இழுத்தார்கள். 2016-ல் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளுக்கு அபராதத்தைக் குறைத்தது, தவறு தவறுதான் என்பதை மாற்றவில்லை. ஆனால் அந்த வழக்கு கார்களைப் பற்றியது. டூ-வீலர் ஓட்டுகிறவனுக்காக யார் வழக்குப் போட்டார்கள்? 2022-ல் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு குழு அமைத்து இணையதளமும் திறந்தது. சட்டம் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு கார்களுக்கு இந்த உரிமையை வாங்கிவிட்டார்கள்.

நம்ம ஊர் நிலைமையில் ஒரு கொடுமையான வேடிக்கையும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எல்லாமே இங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம்தான். காரும் புல்லட்டும் அங்கேதான் பிறக்கின்றன. தறி வேண்டாம் என்று இறங்கிய பையன்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி அங்கேதான் போகிறார்கள். ஷிஃப்டில் நாள் முழுக்க எஞ்சினுக்கு போல்ட் முறுக்குகிறவன், வீட்டு வாசலில் நிற்கும் தன் வண்டியின் மஞ்சள் விளக்குக்கு அர்த்தம் தெரியாமல் நிற்கிறான்.

"ஆளாளுக்குக் கை வைத்தால் மாசு கூடும், பாதுகாப்பு போகும்" என்பார்கள். இ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றிப் புகை விடுகிறவனுக்கு அது சரியான பதில். நான் கேட்பது அதை மாற்றும் உரிமையை அல்ல, படிக்கும் உரிமையை. பிழை எண்ணைப் படிப்பதால் ஒரு துளி புகைகூட அதிகமாகாது. பழுதான சென்சாரோடு மாசக்கணக்கில் ஓடும் வண்டிதான் காற்றைக் கெடுக்கிறது. காசுக்கும் நேரத்துக்கும் பயந்து அப்படி ஓட்டுகிறவர்கள் நம்ம தெருவிலேயே எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஜென் வகுப்பெடுக்கும் நண்பர்களே, உங்கள் பொறுமைப் பாடத்தைக் கொஞ்சம் கம்பெனி வாசலில் போய் நடத்துங்கள். சர்வீஸ் மேனுவல் அவர்களிடம் பிடிஎஃப்பாக ஏற்கெனவே இருக்கிறது. அதை இணையத்தில் ஏற்ற ஒரு மதியம் போதும். தமிழில் போட இன்னும் ஒரு மாசம் ஆகும் என்றால், அந்த மாசம் பொறுத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.