பீரங்கிக்குக் கூட்டம், களஞ்சியத்துக்கு?

மகாராஷ்டிரத்தின் கோல்ஹாப்பூரிலிருந்து பன்ஹாலா மலைக்கோட்டை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விடுமுறை நாள்களில் கூட்டம் அள்ளும். வருகிறவர்கள் தீன் தர்வாஜா வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாஜி பிரபு தேஷ்பாண்டேயின் சிலைக்கு முன்னால் நிற்கிறார்கள். சஜ்ஜா கோட்டி மாடத்தில் காற்று வாங்கிவிட்டு, ஜுன்கா பாக்கர் சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் அம்பர்கானா என்ற தானியக் களஞ்சியமும் வரும். அதற்கு ஒரு சுற்று, ஒரு செல்ஃபி. அவ்வளவுதான்.

உண்மையில் அந்தக் கோட்டையில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய கட்டடம் அதுதான்.

கங்கா, யமுனா, சரஸ்வதி என மூன்று களஞ்சியங்கள். பெரியது கங்கா கோட்டி. பரப்பு சுமார் 10,200 சதுர அடி, உயரம் 35 அடி. பீஜப்பூர் சுல்தான்களின் கட்டடப் பாணி. வெளிச்சுவரை ஒட்டிப் படிக்கட்டு கூரைவரை ஏறுகிறது. அதில் ஏறினால்தான் சூட்சுமம் புரியும். உள்ளே வளைவுக் கூரையுடன் வரிசையாக 16 அறைகள்; ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு துவாரம். மூட்டை சுமந்து வந்தவர்கள் படியேறி, மேலிருந்தே தானியத்தைக் கொட்டினார்கள். நம் வீட்டுப் பத்தாயத்தை ஊரளவுக்குப் பெரிதாக்கிக் கல்லில் கட்டியதுபோல. நெல், கேழ்வரகு, சிறுதானியம் என்று 25,000 கண்டி கொள்ளும் என்பது அதன் பெருமை. கண்டி ஊருக்கு ஊர் மாறும் அளவை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு படையே உட்கார்ந்து சாப்பிடலாம்.

சாப்பிட்டும் இருக்கிறது. 1660இல் பீஜப்பூர்த் தளபதி சித்தி ஜௌஹர் கோட்டையை வளைத்தபோது சிவாஜி உள்ளே இருந்தார். ராஜாபூர் ஆங்கிலேயக் கிடங்கின் ஹென்ரி ரெவிங்டன் பீரங்கிகளோடு வந்து முற்றுகைக்குக் கைகொடுத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் தாக்குப்பிடித்த சிவாஜி, ஜூலை மாதத்தின் அடைமழை இரவொன்றில் விஷால்கடுக்குத் தப்பினார். அவரைப்போல வேடமிட்டுப் பல்லக்கில் போன சிவா காஷித், கணவாயில் எதிரியை மறித்து உயிர்விட்ட பாஜி பிரபு ஆகிய இருவரின் கதையும் மராத்திக் குழந்தைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் மழை வரும்வரை காத்திருக்க முடிந்ததே, அது எதனால்? வீரம் வயிற்றை நிரப்பாது. களஞ்சியத்தைத் தவிர்த்துவிட்டு அந்த நான்கு மாதக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் தேறும்.

இது சிவாஜிக்கே நன்றாகத் தெரியும். 1670களில் சிப்ளூண் பகுதிப் படை அதிகாரிகளுக்கு அவர் எழுதிய கடிதத்தில் வாள்வீச்சைவிட எலிகளைப் பற்றிய கவலை அதிகம். இரவில் விளக்கை அணைக்காமல் தூங்கினால் எரியும் திரியை எலி இழுத்துக்கொண்டு ஓடும், வைக்கோல் பற்றிக்கொள்ளும், குதிரைகள் பட்டினி கிடக்கும் என்று எச்சரிக்கிறார். மழைக்காலத்துக்கென்று வைத்த தானியத்தை இப்போதே தீர்த்துவிட்டுக் குடியானவனிடம் பறிக்கப் போனால், மொகலாயனே தேவலை என்று அவன் நினைப்பான் என்பதும் அதில் உண்டு. சிலைகளில் குதிரையேறி நிற்கும் மன்னரைவிட இந்தக் கிடங்குக் கணக்குப்பிள்ளை சிவாஜி சுவாரசியமானவர்.

தமிழகத்துக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. 1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் பன்ஹாலாவிலிருந்து புறப்பட்டு வந்து தஞ்சமடைந்த இடம் நம் செஞ்சி. மறு ஆண்டு மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழ 1698 ஆயிற்று. இடையில் ஒரு கட்டத்தில் தானியம் கிடைக்காமல் திண்டாடி வந்தவாசிக்குப் பின்வாங்கியது முற்றுகையிட்ட படைதான்! செஞ்சியிலும் களஞ்சியங்கள் உண்டு. அங்குள்ள கிருஷ்ணகிரிக் குன்றின் மேலே இருப்பவற்றைப் பார்க்க மூச்சு வாங்க ஏற வேண்டும். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகால் பக்கத்தில் உள்ள பெரிய களஞ்சியத்துக்கு அந்தச் சிரமமும் இல்லை.

2025 ஜூலையில் மராத்தியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பன்ஹாலாவும் செஞ்சியும் அதில் அடக்கம். பட்டியலில் சேர்ந்த கையோடு வண்ண விளக்கும் ஒலி-ஒளிக் காட்சியும் கேட்பது வழக்கம். அதற்கு முன் தொல்லியல் துறை களஞ்சியங்களைக் கவனிக்கட்டும். தானியம் எவ்வழியே உள்ளே போனது, எவ்வழியே வெளியே வந்தது, ஈரமும் எலியும் அண்டாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை ஒரு குறுக்குவெட்டுப் படத்தோடு, தமிழிலும் மராத்தியிலும் விளக்கிவைக்கப் பெரிய செலவு ஆகாது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மன்றாடுகிறவர்களும், தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்ட நெல்லைப் பார்த்தவர்களும் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரமே நிற்பார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு செஞ்சி வரும் ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிங்கு ராஜன் கதையில் ஒரு பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, பிள்ளைகளை அடிவாரக் களஞ்சியத்துக்கு அழைத்துப் போகலாம்.