எதிரே வருபவருக்கும் கண் உண்டு

சில மாதங்களுக்கு முன்பு, கிராமக் கிளை ஒன்றில் ஆய்வை முடித்துவிட்டு இரவில் இருவழிச் சாலையில் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த காரின் வெள்ளொளி கண்ணில் பாய்ந்தது. சில நொடிகள் ஒன்றும் புலப்படவில்லை. பார்வை தெளிந்தபோது, மிதிவண்டியில் சென்ற முதியவர் ஒருவர் என் வண்டிக்கு ஒரு முழ இடைவெளியில் இருந்தார். மெதுவாகச் சென்றதால் இருவரும் தப்பினோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் மூன்று நொடிகளில் 50 மீட்டர் கடந்துவிடும். அத்தனை தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு ஒப்பானது அது.

ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டியிருப்போம். அன்றைய ஹாலோஜன் பல்பின் ஒளி மஞ்சள் சாயல் கொண்டது. இன்று வரும் எல்.இ.டி. விளக்குகளின் ஒளி வெண்மையானது. மின்சாரச் செலவும் குறைவு. தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் விளக்கில், ஒளி எங்கே விழ வேண்டும் என்பது கணக்கிட்டு அமைக்கப்படுகிறது. ஹாலோஜனுக்கென்று வடிவமைத்த கூட்டுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஒளி பிறக்கும் இடம் சற்றே மாறினாலும் அது சிதறி எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும். வண்டி உயரமானதாக இருந்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. முகப்பு ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும், பிறர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. வாகனத்தின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு பகலிலும் தானாகவே எரிகிறது. பிறர் நம்மைப் பார்ப்பதற்காகவும் விளக்கு தேவை என்பதை அந்த விதி உணர்த்தியது. பிறர் பார்வையைப் பறிக்கக் கூடாது என்பதைத்தான் நாம் இன்னும் உணரவில்லை.

கிராமச் சாலைகளில் தெருவிளக்கு இல்லை, வெளிச்சம் வேண்டாமா என்று கேட்போர் உண்டு. வேண்டும்தான். எதிரே யாரும் இல்லாதபோது உயர் ஒளியைப் பயன்படுத்தலாம். ஆள் வந்தால் ‘டிம்’ செய்வதற்கு விரல் அசைவு போதும்.

என் கோரிக்கை ஒன்றுதான். சொந்தப் பயன்பாட்டுக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் விளக்கின் கோணத்தை எவரும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. புகைப் பரிசோதனைக்கோ குறித்த காலத்தில் சென்றுவருகிறோம். அதே இடத்தில் விளக்கின் கோணத்தையும் சோதித்துச் சான்றளித்தால் என்ன? சில நிமிட வேலைதான்.

அந்த ஏற்பாடு வரும்வரை நாமே சோதித்துக்கொள்ளலாம். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தித் தாழ் ஒளியைப் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் பணிமனையில் திருத்திக்கொள்ளுங்கள்.

கடன் பெற்றுக் கார் வாங்கும் வாடிக்கையாளர்கள் வட்டியையும் தவணையையும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். வாங்கிய கையோடு விளக்கை மாற்றுவோர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் எழக்கூடும் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றிரவு மிதிவண்டியில் சென்ற முதியவரின் உயிரையும் சேர்த்துத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.