தவணை இல்லாத பரிசு

தீபாவளி, புத்தாண்டு நெருங்கினால் நம் செலவுக் கணக்கில் பரிசுப் பொருட்கள் முன்னே வந்து நிற்கின்றன. அவற்றைக் கடனில் வாங்கிக் கொடுப்பதைவிட, நாமே தைத்த துணிப்பையில் 50 கிராம் சீனத் தேயிலை வைத்துக் கொடுப்பது மேல் என்போம்.

பச்சை, வெள்ளை, ஊலாங், பூஅர் எல்லாம் ஒரே செடியினத்தின் இலைகளே. பதப்படுத்தும் முறையே அவற்றைப் பிரிக்கிறது. ஹாங்சோவின் லாங்ஜிங்குக்கு 80 டிகிரி வெந்நீர் போதும், கொதிநீரில் கசந்துவிடும். யுன்னானின் பூஅருக்கோ கொதிநீரே வேண்டும். ஒரே இலையில் பலமுறை நீரூற்றிப் பருகலாம் என்பதால் சிறிதளவும் பல நாள் வரும்.

357 கிராம் பூஅர் வட்டுகள் ஏழினை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டுவது யுன்னான் மரபு. நமக்குப் பழைய பருத்திப் புடவையில் ஒரு முழம் போதும். தேயிலை பிற மணங்களை ஈர்க்குமாதலால், காற்றுப் புகாத உறையிலிட்டே பைக்குள் வைக்க வேண்டும். தயாரிக்கும் முறையையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம்.

கைவேலைப் பரிசு எளிமையாகத் தோன்றுமோ என்று தயங்க வேண்டியதில்லை. பெறுபவருக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டிருக்கிறோம்; விழா முடிந்தபின் கட்ட வேண்டிய தவணையும் இல்லை.