குளிர் காய ஓர் அறை

யாழ்ப்பாணத்தார் காதில் 'வாடி' என்ற சொல் விழுந்தால் கடற்கரைதான் நினைவுக்கு வரும். மீன்பிடிப் பருவத்தில் கடற்றொழிலாளர் வந்து தங்குவதற்கு அடித்துக்கொள்ளும் ஓலைக் கொட்டிலே வாடி. வழிப்பயணிகள் தங்கும் அரசாங்க விடுதிக்கு 'வாடிவீடு' என்று பெயர். அந்நியர் ஆட்சியில் உத்தியோகத்தர் சுற்றுப்பிரயாணம் செல்லும்போது இராத்தங்குவதற்கென ஏற்பட்ட அவ்வீடுகளுட் பல, கடலையோ கடனீரேரியையோ பார்த்தபடி இருந்தன. ஆனையிறவிலும் ஒன்று இருந்தது. எம் தந்தையார் கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் போதெல்லாம் அதன் விறாந்தையில் ஒரு கோப்பை தேநீர் அருந்திய பின்னரே குடாநாட்டுக்குள் நுழைவாராம். போர் அதனை விட்டுவைக்கவில்லை. நாம் அவ்வீட்டிற் கால்வைத்ததில்லை; தந்தையாரின் பேச்சிலே மட்டும் பலமுறை அங்கு தங்கியிருக்கிறோம்.

இதனாலேயோ என்னவோ, வெளியூரிற் பெரிய ஹோட்டல்களைக் காட்டிலும் நாலைந்து அறைகொண்ட சிறு விடுதிகளிலேயே எமக்கு விருப்பம் அதிகம். இரண்டாண்டுகளுக்கு முன் சித்திரை விடுமுறை வந்தபோது, எங்கே போவதென்று வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. மகள் கடற்கரை விடுதி வேண்டுமென்றாள். மனைவியார் மலை என்றார். கடற்கரையிலே பிறந்து வளர்ந்தவர்கள் கடலைப் பார்ப்பதற்குப் பணம் கட்டுவானேன் என்று அவர் கேட்ட கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. ஆகவே நானுஓயாவில் புகையிரதத்தை விட்டிறங்கி நுவரெலியா சேர்ந்தோம்.

நுவரெலியா என்ற ஊரே ஒரு விடுதியாகப் பிறந்ததுதான். 1819-ல் ஜோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர் அந்த மலைச் சமவெளியைக் கண்டு எழுதினார். அதன்பின் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தமக்கொரு மாளிகை எழுப்பினார். கரையோர வெப்பத்திலே காய்ச்சல் கண்டு மெலிந்த வெள்ளைத் துருப்பினர் உடல் தேறும் இடமாகவும் அவ்வூர் ஆயிற்று. அந்த மாளிகையே இன்றைய கிராண்ட் ஹோட்டல். காய்ச்சலோடு வந்து தேறிப்போனவர்களுள் ஒருவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலந்தேடிப் புகழ்பெற்றவர். தேறிய உடம்போடு அவர் சும்மா இருக்கவில்லை. 1848-ல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நடுவதற்கு முற்பட்டார்.

ஊரை நினைந்து ஏங்கியவர்கள் ஊரையே கட்டிவிட்டார்கள். 1876-ல் ஏற்பட்ட ஹில் கிளப்பையும், 1894-ல் கட்டிய செங்கல் தபாற்கந்தோரையும் பார்ப்பவர் இலங்கையில் நிற்கிறோம் என்பதைச் சற்று மறந்துபோவர். சரிந்த கூரை, புகைபோக்கி, வாசலில் ரோஜா, உள்ளே கணப்படுப்பு. ஆங்கிலேயர் 'கொட்டேஜ்' என்று சொல்லும் சிறுமனை இது. உறைபனி மூடும் நாட்டுக்கென ஏற்பட்ட கூரை, அதிகாலையிற் புல்நுனியிலே மட்டும் பனி உறையும் ஊருக்கு வந்து நிற்கிறது! ஆயினும் மலைமழைக்கு அந்தச் சரிவு நன்றாகவே பயன்படுகிறது.

நாம் தங்கிய விடுதியும் அத்தகைய ஒன்றே. பெயர் வேண்டாம். ஊரிலிருந்து சிறிது மேலே, தேயிலை மலையொன்றின் ஓரத்தில், முன்பு சின்னத்துரை ஒருவர் குடியிருந்த வீடு. இப்படிப்பட்ட வீடுகள் மலையகமெங்கும் விடுதிகளாகி வருகின்றன. பொகவந்தலாவைப் பக்கத்திலே பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் விருந்தினர் இல்லங்களாக இயங்குகின்றன. கந்தப்பளையில் ஹெதர்செற் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையே 1996-ல் ஹோட்டலாக மாறியது. எமது விடுதிக்கு அத்தகைய பெருமை ஒன்றும் இல்லை. மூன்று அறை, ஒரு கூடம், தரையில் நடக்கும்போது முனகும் பலகை, அவ்வளவுதான்.

மாலை ஐந்தரை மணிக்கே குளிர் வந்துவிட்டது. மாணவர்கள் இதனை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்க்கலாம். ஆயிரம் மீற்றர் உயரும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கரையோரத்தில் சராசரி 28 பாகை எனக் கொண்டால், இங்கு 16 வரும். உண்மையும் அதுவே. ஆனால் சராசரி என்பது பகலையும் இரவையும் சேர்த்துச் சொல்லும் கதை. இரவின் குளிரைச் சாவகச்சேரிக்காரரின் முழங்கால்தான் சரியாகச் சொல்லும்.

அப்போதுதான் பெரியவர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. கையில் ஒரு கட்டு விறகு. ஒரு சொல்லும் பேசாமற் கணப்படுப்பின் முன் குந்தி வேலையைத் தொடங்கினார். முதலில் விரல் தடிப்பான வளைந்த சுள்ளிகளைக் கூடுபோல அடுக்கினார். அதன்மேல் பிளந்த யூகலிப்டஸ் கட்டைகளைச் சாய்த்தார். இச்சுள்ளி என்ன மரமென்று கேட்டோம். "மிலாறுங்க. கவ்வாத்து வெட்டுறப்ப விழுற தேயிலைக் கம்பு. லயத்துல எங்க அடுப்புக்கு இதுதான்" என்றார். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தறித்துவிடுவது. நாற்பது வயது கடந்து, தினந்தோறும் மூன்று வேளை தேநீர் குடித்தும், அச்செடியின் விறகுக்கு ஒரு பெயர் உண்டென்பதை நாம் அன்றுதான் அறிந்தோம்.

தீ பற்றியது. அறை முழுவதும் ஒரு மணம் பரவியது. மகள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே போனாள். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போகிறது. நம்மீது படுவது கதிர்வீச்சாக வரும் சிறு பங்கே. முகம் சுட, முதுகு குளிர்வது இதனாலேதான். வீட்டுத்தலைவிகளுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை: விடுதி அறையிற் கணப்படுப்பு இல்லையென்று கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு ஒருநாளும் உறங்கற்க. அதிலெழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்கியவர் எழுந்திரார். இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்வதே நன்று.

"ஐயா, நீங்களும் இருங்கள்" என்று பெரியவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டினோம். 'ஐயா' என்றதும் அவர் கூசிப்போனார். "இருக்கட்டுங்க மாஸ்டர்" என்று கணப்பின் பக்கத்துத் தரையிலேயே அமர்ந்தார். எத்தனை வற்புறுத்தியும் நாற்காலிக்கு வரவில்லை. நாமும் கீழே அமர்ந்தோம். அதன்பிறகே பேச்சு வந்தது.

அவருடைய தாயார் இதே வீட்டில் ஆயாவாக இருந்தவர். சின்னத்துரை காலத்தில் இக்கணப்பை மூட்டியதும் அவரே. சிறுவனாக இருந்தபோது சமையலறை வாசலுக்கு அப்பால் இவருக்கு அனுமதி இல்லை. "அம்மா சீலையில இந்தப் புகை வாசம் வரும். அத வச்சித்தான் பங்களாவுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். அதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகச் சொன்னார்.

அவருக்கு ஒரு அக்கா. இங்கே மாணவர்கள் சற்றுச் சரித்திரம் அறிந்துகொள்ள வேண்டும். 1948-ல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பண்டசாலைச் சரக்கையும் இத்தனை சுலபமாகப் பிரிப்பார்களா என்பது ஐயமே. ஒரே லயத்தில் ஒரு காம்பரா இங்கும், அடுத்த காம்பரா அங்குமாகப் பிரிந்தது. 2003-ல் வந்த சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைப் பிரசாவுரிமை தந்தது. ஆனால் அதற்குள் பிரிய வேண்டியவர் பிரிந்துவிட்டனர்.

அக்காவை மணந்தவர் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. "அக்கா போனப்ப எனக்குப் பதிமூணு வயசுங்க. கோச்சியில தலைமன்னாரு, அங்கேருந்து கப்பல்ல ராமேஸ்வரம். டேசன்ல நின்னவங்களும் அழுதாங்க, கோச்சிக்குள்ள இருந்தவங்களும் அழுதாங்க" என்றார். அந்த வண்டிகளுக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. மன்னார்க் கரை அவர்களுக்குப் புதிதன்று. கோப்பிக் காலத்தில் இவர்களுடைய முன்னோர் வந்திறங்கியதும் அந்தக் கரையே. அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்; வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிறர் இளைப்பாறும் வீடுகளைக் கட்ட வந்தவர்களுக்கு வழியில் ஒரு நல்ல விடுதி இருக்கவில்லை. 2023-ல் அந்த வருகையின் இருநூறாண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்ததைப் பத்திரிகைகளிற் பார்த்திருப்பீர்கள்.

அக்காவுக்கு நீலகிரியிற் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கும் தேயிலை, அங்கும் குளிர், வெள்ளைக்காரர் கட்டிய கொட்டேஜ்கள் அங்கும் உண்டு. 1980களிற் போர் மூண்டு கப்பலும் நின்றுபோகவே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகொருநாள் அக்கா விமானத்தில் வந்தார், சுற்றுலா விசாவில், பத்து நாளைக்கு. பிறந்த மண்ணுக்கு உல்லாசப் பயணியாக!

"எங்கே தங்கினார்?" என்று எம் மனைவியார் கேட்டார். பெண்களுக்குத்தான் இக்கேள்வி முதலில் தோன்றும்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மிலாற்றை ஒதுக்கி ஒரு கட்டையைத் தள்ளினார். லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகளுடன் அவர் இருந்தார். அந்த ஆறு பேருக்குள் அக்கா ஏழாமவராகப் படுத்தார். விடுதியில் அந்த வாரம் ஆளில்லை. மூன்று அறையும் பூட்டிக் கிடந்தன. ஓர் இரவுக்கு ஓர் அறை தருமாறு கேட்க நினைத்தாராம். திறப்பு அவரிடமே இருந்தது. கேட்கவில்லை.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்க. நல்ல மனுசர்தான். எனக்குத்தான் வாய் வரல" என்றார்.

ஒருநாள் பகலில் மட்டும் அக்காவை அழைத்து வந்து காட்டினார். அக்கா கூடத்துக்குள் வந்து, கட்டிலைப் பார்த்து, மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தாராம். பிறகு நாம் இருந்த இதே கணப்பின் முன் குந்தி, அடுப்புக் கல்லைத் தடவி, "அம்மா கை பட்ட இடம்" என்றாராம். அவரும் நாற்காலியில் இருக்கவில்லை.

நாம் அன்றிரவு சரியாக உறங்கவில்லை. கம்பளியும் வெந்நீர்ப் பையும் குறைவின்றி இருந்தன. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வகுப்பில் அதனை ஆண்டுதோறும் நடத்துகிறோம். விருந்து என்பது புதியவர் என்று பொருள் சொல்லி, முன்பின் அறியாதவரை ஏற்பதே அறம் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அறியாத எம்மைப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்ற வீடு, ஐம்பது ஆண்டு அதன் தீயைக் காத்த குடும்பத்தின் மகளுக்குத் திறக்கவில்லை. அதற்கு யாரையும் நோகவும் முடியவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள் என்கிறார். அதுவே எம்மை அதிகம் வருத்தியது. கேட்கும் வாயை இருநூறு ஆண்டுகள் எங்கோ அடைத்துவிட்டன.

விடுதிகளாக மாறும் பங்களாக்களை நாம் குறை சொல்லவில்லை. பாழாய் விழுவதிலும் அது மேல். பெரியவருக்கு அதனால் ஒரு வேலையும் கிடைத்தது. 2021-ல் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகச் சட்டமாவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம்! ஆனால் லயங்கள்? 2017-ல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, முன்னைய வீடுகளுக்கு மேலாக இன்னும் பத்தாயிரம் கட்டித் தருவதாகச் சொன்னார். ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் உண்டு. அவற்றைச் சாலையோரங்களில் நாமும் கண்டோம். பெரியவரின் லயத்துக்கு அது இன்னும் வரவில்லை. மருமகள் கொழுந்தெடுக்கும்வரைக்கும் காம்பராவுக்குப் பயமில்லை என்கிறார். பேர் விழுந்தால்தான் கூரை.

மூன்றாம் நாட் காலையிற் புறப்பட்டோம். விருந்தினர் புத்தகத்தில் எழுதும்படி தந்தார்கள். முன்னே எழுதியவர்கள் காட்சியையும், காலை உணவையும், ரோஜாவையும் புகழ்ந்திருந்தனர். நாம் கணப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி, அதனை மூட்டியவரின் பெயரையும் எழுதினோம். இத்தாளில் அப்பெயரை எழுதுவதற்கு அவரிடம் உத்தரவு கேட்கவில்லை, ஆதலால் விடுகிறோம்.

பெட்டியை வாகனத்தில் ஏற்றிவிட்டுப் பெரியவர் மனைவியாரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். உள்ளே கோத்தகிரி விலாசம். "லீவுக்கு அந்தப் பக்கம் போனீங்கன்னா அக்காவப் பாத்துட்டு வாங்கம்மா. தங்குறதுக்கு யோசிக்காதீங்க. அவங்களுக்கு இப்ப ரெண்டு ரூம் இருக்கு" என்றார்.

வருகிற மார்கழியிற் போவதாக இருக்கிறோம்.