வெயில் படாத வேலை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தாய் தன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வரும்: “வெயில் படாத வேலைதானா?” கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று மலையடிவார ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் உழைத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறார்கள். மேலே மழையும் அட்டைக்கடியும். கீழே திராட்சைத் தோட்டத்தில் மருந்து வாடை. அப்படி உழைக்கும் ஒருத்தியின் மகள் தேனியில் ஒரு மருத்துவமனையிலோ ஸ்கேன் சென்டரிலோ நகைக்கடையிலோ, மின்விசிறிக்குக் கீழே கணினி முன் உட்காருகிறாள் என்றால், அந்தக் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டது என்றுதான் ஊர் சொல்லும். ஊர் சொல்வது சரிதான்.

இந்தச் சூழலில் “அந்த வேலை பிடித்திருக்கிறதா?” என்று கேட்பது வசதி படைத்தவர்களின் கேள்வியாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாள் முழுக்க ஒரு பெண் எதைச் செய்துகொண்டிருக்கிறாள், எந்த மனநிலையில் வீடு திரும்புகிறாள் என்பது மேசை வேலையிலும் முக்கியம்தான். இதற்கு நம் ஊரில் வழங்கும் விளக்கம் ஒன்றுண்டு. சிரித்த முகமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு வரவேற்பு வேலை பிடிக்கும், முன்கோபிகளுக்குப் பிடிக்காது என்பார்கள். வேலையின் அமைப்பை விட்டுவிட்டுக் குணத்தின் மேல் பழி போடும் இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வந்தவரின் காரியத்தை முடித்துக் கொடுக்கும் அதிகாரம் கொஞ்சமாவது அந்த மேசையில் இருந்தால், வேலை நிறைவு தருகிறது. உள்ளே இருப்பவரைக் காக்கும் வேலியாக மட்டும் ஒருத்தியை உட்கார வைத்தால், எப்பேர்ப்பட்ட பொறுமையும் சில மாதங்களில் கரைந்துபோகும்.

அரசு அலுவலகத்திலிருந்து தொடங்குவோம். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். 2025-இல் 3,935 இடங்களுக்குக் கிட்டத்தட்ட 14 லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்கு மேல். இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் எழுதுகிறவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். தட்டச்சர் பணிக்காக இன்னொரு கூட்டம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் என்று பயிற்சி எடுக்கிறது. மற்ற இடங்களில் காட்சிப்பொருளாகிவிட்ட தட்டச்சுப் பொறி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வின் புண்ணியத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் ஓடுகிறது. இத்தனை பேரும் விரும்புவது வேலையையா, அதோடு வரும் நிரந்தரத்தையா? 19,500 ரூபாயில் தொடங்கும் அடிப்படைச் சம்பளம், யாரும் எளிதில் வெளியே அனுப்ப முடியாத உறுதி, வரன் பார்க்கும்போது கூடும் மதிப்பு ஆகியவற்றுக்காகத்தான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

பேச வேண்டும், ஏனென்றால் அதில் உண்மையான ஓர் இன்பம் இருக்கிறது. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் சென்னை மாகாணத்தில் வழங்கிய அலுவலக நடைமுறையின் மேல்தான் நம் கலெக்டர் அலுவலகங்களும் தாலுகா அலுவலகங்களும் எழுந்தன. வரும் ஒவ்வொரு தபாலுக்கும் ஓர் எண். பிரிவு உதவியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தன்பதிவேடு. அதில் ஏறிய கடிதம் எங்கே போயிருக்கிறது, யாரிடமிருந்து பதில் வர வேண்டும், எப்போது நினைவூட்ட வேண்டும் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். முடிந்த கோப்பு ஓராண்டு இருக்க வேண்டியதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமாகக் காக்க வேண்டியதா என்று பிரித்து ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று எழுதி ஆவண அறைக்கு அனுப்புவார்கள். வெளியே இருப்பவருக்கு இது வெறும் காகிதக் குப்பை. ஆனால் வாரிசுச் சான்றுக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒரு பெண்ணின் கோப்பில், விட்டுப்போன ஒரு இணைப்பைக் கண்டுபிடித்துச் சேர்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்பி, கையெழுத்தாகித் திரும்பி வந்ததும் அதை முடித்து வைக்கும் எழுத்தருக்குக் கிடைக்கும் திருப்தி ஒரு தச்சருக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததில்லை. கோப்புகள் கணினிக்கு மாறினாலும் அந்தத் திருப்தி மாறாது. ஒழுங்கில்லாமல் வந்த ஒன்று தன் கையால் ஒழுங்காகி வெளியே போகிறது. அலுவலக நிர்வாகம் என்ற வேலையின் உயிர் அதுதான்.

அதே கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வேறு முகம். மக்கள் குறைதீர்க்கும் நாளில் வாசலிலேயே பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல் இரண்டு குழந்தைகளோடு ஒரு தம்பதி தீக்கு இரையானார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்க இந்தச் சோதனை இறுகியது. அந்தச் செய்தியைப் படித்தபோது, அவர்களிடம் ஒவ்வொரு முறையும் மனுவை வாங்கி எண் போட்டு ரசீது கொடுத்த ஊழியரைப் பற்றியும் நான் நினைத்தேன். அவர் கையில் என்ன இருந்தது? வாங்குவதும் பதிவு செய்வதும் அனுப்புவதும் மட்டும். போன வாரம் வந்தவரே இந்த வாரமும் அதே காகிதத்தோடு வந்து நிற்கும்போது, வாங்கும் கைக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடையாது. முடித்துவைக்கும் உதவியாளருக்கும் வாங்கிவைக்கும் உதவியாளருக்கும் ஒரே சம்பள விகிதம்தான். அவர்கள் செய்வது ஒரே வேலை என்று சொல்ல முடியாது.

தனியார் மருத்துவமனை வரவேற்பில் இது இன்னும் கூர்மையாகிறது. தேனிக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள் இந்த மாவட்டத்தவர் மட்டுமில்லை. குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களும் மலையிறங்கி வருகிறார்கள். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரத்துக்குள் தனியார் மருத்துவமனைகள் நிறைய. வரவேற்பில் இருக்கும் பெண் தமிழும் கொஞ்சம் மலையாளமும் பேசியாக வேண்டும். முதல் பேருந்தைப் பிடித்து வந்த ஒரு பெரியவர், “தாயி, டாக்டர் எப்ப வருவாரு?” என்கிறார். டாக்டர் அறுவை சிகிச்சையில் இருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார் என்று நிர்வாகம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. “இந்தா வந்துருவாருங்கய்யா, உக்காருங்க” என்கிறாள். அரை மணி கழித்து அவர் திரும்ப வருகிறார். அவள் அதையே திரும்பச் சொல்கிறாள். மூன்றாவது முறை அவர் குரல் உயர்கிறது. பொய்யை முடிவு செய்தவர் உள்ளே இருக்கிறார், வசவு இவளுக்கு. காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது என்று சொல்வதும் முன்பணம் கட்டச் சொல்வதும் இவள் வாய்தான். ஒரு ரூபாய் குறைக்கவோ ஒரு டோக்கனை முன்னே தள்ளவோ இவளுக்கு உரிமை கிடையாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூலில், உணர்ச்சியைக் கட்டுப்படுத்திக் காட்டுவதும் கூலிக்கு விற்கப்படும் உழைப்புதான் என்று நிறுவினார். சிரிப்பதும் வேலை, கோபத்தை விழுங்குவதும் வேலை. 1979-இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். வேலைப் பளு மட்டும் மனிதரை முறிப்பதில்லை, பளு கூடியும் முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் முறிவு வருகிறது என்றார் அவர். இது மனத்தோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. 1967-இல் தொடங்கிப் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களான சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. வேலையின் மேல் தனக்குப் பிடி இல்லாத நிலையும் இதய நோயும் சேர்ந்தே வருவதை மைக்கேல் மார்மட் குழுவினர் அதில் காட்டினார்கள். முகம் சிரித்தபடி இருக்க, கையில் அதிகாரம் ஏதும் இல்லாமல் நாளைக் கழிக்கும் ஒரு பெண்ணை வைத்து இவற்றைப் படித்துப் பாருங்கள்.

வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1980-களில் தேனிக்கும் வந்தது. கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பதிவு, கண்ணாடி அளவு பார்த்தல், அறுவை அரங்கம், ஆலோசனை என்று ஆளுக்கொரு துறையில் வைக்கிறார்கள். பார்வைக்கு அவர்களும் நம் வரவேற்பு மேசைப் பெண்களைப் போன்றவர்களே. வயது, ஊர், குடும்பப் பின்னணி எல்லாம் ஒன்றுதான்.

நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் விஷயம் அங்கே இருக்கும் ஒரு விதி. பணம் கட்டிப் பார்ப்பதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. ஏழைகளுக்காகச் செய்த ஏற்பாடாகவே இதை எல்லோரும் எழுதுகிறார்கள். பதிவு மேசையில் இருக்கும் பெண்ணுக்கும் இது பெரிய விடுதலை. “உங்களால் கட்ட முடியுமா, முடியாதா” என்று ஒரு முதியவரைக் குடைந்து கேட்கும் அவலம் அவளுக்கு இல்லை. யாரையும் தடுத்து நிறுத்தும் பொறுப்பும் இல்லை. அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், அதைப் பொறுமையாக விளக்குவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கிறார். எந்த லென்ஸ், எவ்வளவு செலவு, எத்தனை நாள் தங்க வேண்டும், துணைக்கு யார் வரலாம் என்று அவர் பேசி முடிக்கும்போது, பயந்து வந்த ஒரு பாட்டி சிகிச்சைக்குச் சம்மதித்திருப்பார். வேலையின் பலன் கண்ணெதிரே நிற்கிறது. அங்கே கூட்டம் குறைவு என்றோ உழைப்பு எளிது என்றோ நான் சொல்லவில்லை. கூட்டம் மிக அதிகம். கராசெக் சொன்ன பளு அங்கே உண்டு, ஆனால் பயிற்சியும் தெளிவான விதியும் அதற்கு ஈடு கொடுக்கின்றன.

மேசையையும் நாற்காலியையும் பற்றியும் சொல்ல வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளம் 2018-இலேயே அதைச் செய்தது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் கடை முதலாளிகளிடமிருந்து இன்னும் போகவில்லை. அதே 2021-இல்தான் பதிவுத்துறையும் சார்பதிவாளர்கள் அமரும் உயரமான மேடைகளை அகற்ற முடிவெடுத்தது. ஒரு பக்கம் உட்காரவே விடாத கவுன்ட்டர், இன்னொரு பக்கம் உயரத்திலிருந்து கீழே பார்க்கும் நாற்காலி. இரண்டு இடத்திலும் வந்தவரும் இருப்பவரும் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச வழியில்லாமல் போகிறது.

சம்பளம் இன்பத்துக்கு வெளியே நிற்கும் விஷயமில்லை. மருத்துவமனைகளுக்கும் கடைகளுக்கும் அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. சம்பளச் சீட்டே பார்த்திராத பெண்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது இவர்கள் கையில் மாதம் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனத்தில் பாலியல் தொந்தரவு நேர்ந்தால், 2013 சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். முன்னால் தனியாக உட்கார்ந்து, வருகிற எவரிடமும் சிரித்தாக வேண்டிய பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தேனியில் எத்தனை வரவேற்பு மேசைகளுக்குப் பின்னால் அந்தத் தகவல் ஒட்டப்பட்டிருக்கிறது?

டோக்கன் கொடுக்கவும் நேரம் சொல்லவும் இயந்திரம் வந்துவிட்டதால் இந்த வேலையே போய்விடும் என்ற பேச்சும் இருக்கிறது. எண்ணைக் கூப்பிடும் பகுதி போகட்டும். அதில் யாருக்கும் இன்பம் இருந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தோட்டத் தொழிலாளி, தன் நோய்க்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாமல் வந்து நிற்கும்போது அவரிடம் பேச ஒரு மனுஷி வேண்டும். அந்தப் பகுதியை நன்றாகச் செய்யும் பெண்களை இப்போது யாரும் பதவி உயர்த்துவதில்லை. ஐந்து வருஷம் ஆனாலும் அதே மேசை; கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாள் என்ற கணக்கு. நோயாளிகளை அவ்வளவு தெரிந்தவள் ஏன் அந்த மருத்துவமனையின் நிர்வாகியாகக் கூடாது?

இங்கே மருத்துவமனை நடத்துபவர்கள் செலவே இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. மருத்துவரின் அறைக்கு நேரடியாகப் போன் போட்டுக் கேட்கும் உரிமையை வரவேற்பில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். தொலைவிலிருந்து வந்தவரையும் முடியாதவரையும் தன் பொறுப்பில் முன்னே அனுப்பும் உரிமையைக் கொடுக்கலாம். தாமதம் எவ்வளவு என்று உண்மையைச் சொல்லும் உரிமையை எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுக்க வேண்டும். “டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகுங்கய்யா, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, உங்க நம்பரை நான் பாத்துக்கிறேன்” என்று அவள் சொன்னால், மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் கோபித்துக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார் என்று நான் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, அவளைத்தான் தேடி வருவார்.